ஆறடி மண்ணுக்கு யாருடைய சம்மதம்?

சத்தீஸ்கர் மாநிலம் பஸ்தர் மாவட்டத்தில் சிந்த்வாடா என்றொரு கிராமம். 2025 ஜனவரி 7ஆம் தேதி அங்கே ஒரு கிறிஸ்தவப் போதகர் இறந்துபோனார். ஊர் இடுகாட்டில், தங்கள் குடும்பத்தாரை முன்பே புதைத்திருக்கும் பகுதியிலேயே அப்பாவையும் அடக்கம் செய்துவிடலாம் என்று மகன் நினைத்தார். ஊரார் மறுத்தார்கள். சரி, எங்கள் சொந்த நிலத்திலாவது புதைத்துக்கொள்கிறோம் என்றார். அதற்கும் விடவில்லை. உடல் ஜகதல்பூர் மருத்துவமனைப் பிணவறைக்குப் போனது. உயர் நீதிமன்றம் மகனின் மனுவைத் தள்ளிவிட்டது. அவர் உச்ச நீதிமன்றத்துக்கு ஓடினார்.

ஜனவரி 27ஆம் தேதி வந்த தீர்ப்பில் இரு நீதிபதிகளும் ஒத்துப்போகவில்லை. சொந்த நிலத்தில் அடக்கம் செய்யலாம் என்றார் நீதிபதி பி.வி.நாகரத்னா. கிறிஸ்தவர்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் செய்ய வேண்டும் என்றார் நீதிபதி சதீஷ் சந்திர சர்மா. மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பினால் உடல் இன்னும் எத்தனை நாள் கிடக்குமோ என்று கருதி, அரசியல் சட்டத்தின் 142ஆம் பிரிவைப் பயன்படுத்தி இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் கர்காபால் என்ற ஊரில் கிறிஸ்தவர்களுக்கான இடத்தில் அடக்கம் செய்ய வேண்டும். உடலைக் கொண்டுபோகும் ஏற்பாட்டையும் பாதுகாப்பையும் அரசே தர வேண்டும். இருபது நாள் பிணவறையில் கிடந்த ஒருவர், தாம் வாழ்ந்த ஊருக்கு வெளியே, போலீஸ் காவலோடு மண்ணுக்குள் போக வேண்டியதாயிற்று.

இந்த வழக்கில் அரசுத் தரப்பு சொன்ன காரணங்களில் ஒன்று, ஊருக்குள் அடக்கம் செய்தால் சட்டம் ஒழுங்கு கெடும் என்பது. அதைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். சட்டம் ஒழுங்கைக் கெடுக்கப்போகிறவர்கள் யார்? அப்பனைப் புதைக்க இடம் கேட்டு நின்ற மகனா, புதைத்தால் நடப்பதே வேறு என்று சொன்னவர்களா? அச்சுறுத்தியவர்களை யாரும் ஊரை விட்டு அனுப்பவில்லை. அச்சுறுத்தப்பட்டவருடைய அப்பாவின் பிணம்தான் ஊரை விட்டுப் போனது. அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு மத சுதந்திரத்தைப் பொது ஒழுங்குக்கு உட்பட்டதாக வைத்திருப்பது உண்மை. ஆனால் பொது ஒழுங்கு என்பது அதிகம் பேர் கோபப்படும் பக்கம் சாய்வதுதான் என்று ஆகிவிட்டால், எண்ணிக்கையில் குறைந்தவர்களுக்கு எந்த ஊரிலும் எந்த உரிமையும் மிஞ்சாது. நாளைக்கு அந்தக் குறைந்தவர்கள் யாராகவும் இருக்கலாம். நாகாலாந்திலோ மிசோரத்திலோ அவர்கள் இந்துக்களாக இருக்கக்கூடும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி இந்தியாவில் கிறிஸ்தவர்கள் 2.3 விழுக்காடு. சத்தீஸ்கரில் இரண்டு விழுக்காடுகூட இல்லை. இத்தனை சிறிய கூட்டத்தின்மீது இவ்வளவு கோபம் ஏன் என்று வெளியிலிருந்து கேட்பது எளிது. உள்ளே வாழ்கிறவர்களுக்கோ அது அன்றாடம். சிந்த்வாடாவுக்கு இரண்டு ஆண்டு முன்பு, 2022 டிசம்பரில், அதே பஸ்தர் வட்டாரத்தின் நாராயண்பூர் பகுதியில் கிறிஸ்தவர்களான ஆதிவாசிக் குடும்பங்கள் ஊரை விட்டு அடித்துத் துரத்தப்பட்டன. பலர் மாவட்டத் தலைநகரின் உள்விளையாட்டு அரங்கில் போய்த் தங்கினார்கள். 2023 ஜனவரி 2ஆம் தேதி நாராயண்பூர் நகரத்துத் தேவாலயத்துக்குள் கூட்டம் புகுந்து உடைத்தது. தடுக்கப் போன காவல் கண்காணிப்பாளருக்கே மண்டை உடைந்தது.

அதற்கும் முன்னால் ஒடிசாவின் கந்தமால். 2008 ஆகஸ்ட் 23ஆம் தேதி இரவு சுவாமி லட்சுமணானந்த சரஸ்வதி தம் ஆசிரமத்தில் கொல்லப்பட்டார். மாவோயிஸ்டுகள் தாங்கள்தான் செய்தோம் என்று அறிவித்தார்கள். பழி விழுந்தது கிறிஸ்தவர்கள்மீது. ஆயிரக்கணக்கான வீடுகள் எரிந்தன, மக்கள் காட்டுக்குள் ஓடினார்கள். கந்தமாலில் பதிவான 827 வழக்குகளில் 315 வழக்குகள் குற்றப் பத்திரிகைக்கே போகாமல் முடிக்கப்பட்டன என்பதை 2016ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கவனத்தில் எடுத்து, அவற்றை மறுபடி பார்க்கச் சொன்னது. வீடு எரிந்தது உண்மை, எரித்தவன் மட்டும் யாரென்று தெரியாது. எரிக்கும்போது ஊரே பார்த்துக்கொண்டு நின்றதே, அந்த ஊர் எங்கே போயிற்று?

என் கேள்வி அந்த ஊரைப் பற்றியதுதான். கல்லெறிகிறவர்கள் எல்லா ஊரிலும் சிலபேர். அவர்களைப் பின்னாலிருந்து தூண்டும் அமைப்புகளும் அரசியல் கணக்குகளும் உண்டு. அவற்றைப் பற்றி எழுதாத நாளில்லை. ஆனால் பஸ்தரிலோ கந்தமாலிலோ நம்மூரிலோ, பெரும்பாலானவர்கள் கல்லெறியாத, பக்தியுள்ள, பிறர் துன்பம் கண்டால் மனம் இளகுகிற சாதாரண மனிதர்கள். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கை வைத்தியம் சொல்கிறவர்கள். அவர்கள்தான் அன்றைக்கு வாசல் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மதத்தின் பெயரால் வரும் பகையைத் தடுக்கும் சக்தி, அந்தப் பகைக்கு ஆளாகிறவரிடம் கிடையாது. பகைப்பவர்களோடு ஒரே கோவிலில் கும்பிடுகிறவர்களிடம்தான் உண்டு. ஏனென்றால் அந்தக் கூட்டம் அவர்கள் பேச்சை மட்டும்தான் காது கொடுத்துக் கேட்கும்.

இந்தப் பகை எப்படி முளைக்கிறது என்பதை மதிப்போடு பார்க்க வேண்டும். நம் பக்கத்துக் கிராமங்களில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். வரி கொடுத்தவன் ஊர்க்காரன். அவன் வீட்டுக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஊர் வந்து நிற்கும். பஸ்தரில் பெயர்கள் வேறு, ஏற்பாடு கிட்டத்தட்ட இதுதான். விதைப்புக்கு முன்னாலும் புதுக்கதிர் வரும்போதும் மண்ணுக்குரிய தெய்வத்துக்கு ஊரே சேர்ந்து பூசை போடும். எல்லா வீடும் பங்கு தரும். இதில் ஒரு வீடு மட்டும், நாங்கள் இனிமேல் ஏசுவைக் கும்பிடுகிறோம், பங்கு தர மாட்டோம் என்று சொன்னால், மற்றவர்களுக்கு அது வெறும் கருத்து வேறுபாடாகத் தெரியாது. தெய்வம் கோபித்துக்கொள்ளும், மழை பொய்க்கும், நோய் வரும் என்று அவர்கள் நிஜமாகவே அஞ்சுகிறார்கள். அந்த மண்ணில் பூசைக்கு வராதவரைப் புதைத்தால் மண் தீட்டாகும் என்பதும் இந்த அச்சத்திலிருந்து வருவதுதான். நகரத்தில் உட்கார்ந்துகொண்டு இதை மூடநம்பிக்கை என்று ஒற்றைச் சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. நூற்றாண்டுகளாகச் சேர்ந்து வாழ்ந்த ஒரு கூட்டத்தின் கட்டு அறுகிறது. அந்த வலி பொய்யல்ல.

ஆனால் அந்த வலி எங்கே கொண்டுபோய்விடுகிறது என்று பாருங்கள். வரி தராதவனுக்குக் கடையில் சாமான் இல்லை, வயலில் வேலை இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை என்று ஆரம்பித்துக் கடைசியில் செத்தால் மண் இல்லை என்பதில் வந்து நிற்கிறது. கடை வேண்டுமானால் தனியார் சொத்து. குழாயும் சாலையும் பள்ளிக்கூடமும் யாருடைய வரிப் பணம்? நம் வருவாய்க் கணக்கில் இடுகாட்டுக்கு மயானப் புறம்போக்கு என்று பெயர். அது அரசு நிலம். கோவிலுக்கு எழுதி வைத்த நிலம் கிடையாது. ஊர் என்பதும் கோவில் என்பதும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த காலத்தில் இரண்டுக்கும் ஒரே வரி போதுமாயிருந்தது. இன்றைக்கு ஒரே ஊரில் மூன்று நம்பிக்கைகள் இருக்கும்போது அந்தப் பழைய ஏற்பாடு குடும்பங்களைக் கிழிக்கிறது.

பகைப்பவர்கள் கையில் இப்போது ஒரு சட்டமும் இருக்கிறது. கட்டாய மத மாற்றத் தடைச் சட்டங்கள் புதிதல்ல. ஒடிசா 1967இலும் மத்தியப் பிரதேசம் 1968இலும் கொண்டுவந்தன. சத்தீஸ்கரிலும் அந்த 1968ஆம் ஆண்டுச் சட்டம் தொடர்ந்தது. தமிழ்நாட்டில் 2002இல் வந்தது, 2004 மக்களவைத் தேர்தலுக்குப் பின் அதைக் கொண்டுவந்த ஜெயலலிதா அரசே திரும்பப் பெற்றது. உத்தரப் பிரதேசத்தின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றில் கடுமையானது. பதேபூரில் நடந்ததைச் சொன்னால் அது எப்படி வேலை செய்கிறது என்பது விளங்கும். 2022 ஏப்ரல் 14, பெரிய வியாழன். ஹரிஹர்கஞ்ச் தேவாலயத்துக்குள் மக்கள் கூடியிருந்தபோது, கூட்டு மத மாற்றம் நடக்கிறது என்று சொல்லி வெளியே ஒரு கூட்டம் திரண்டது. வழக்கு பதிவானது. புகார் கொடுத்தவர் மதம் மாற்றப்பட்டவர் அல்லர், அவருடைய உறவினரும் அல்லர். அன்றைய சட்டப்படி அப்படிப்பட்டவர் புகார் கொடுக்கவே முடியாது. அதே விஷயத்துக்கு மேலும் மேலும் வழக்குகள் போடப்பட்டன. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் பர்திவாலா, மனோஜ் மிஸ்ரா அமர்வு அவற்றில் பலவற்றை ரத்து செய்தது. குற்றவியல் சட்டத்தை நிரபராதிகளை அலைக்கழிக்கும் கருவியாக்கக் கூடாது என்றது. அதற்குள் மூன்றரை ஆண்டு போய்விட்டது. இதற்கிடையில், 2024இல், யார் வேண்டுமானாலும் புகார் தரலாம் என்று அந்த மாநிலம் சட்டத்தையே திருத்திவிட்டது.

ஆசை காட்டியோ மிரட்டியோ ஒருவரை மதம் மாற்றினால் அது தவறு. அதை எந்த நேர்மையான கிறிஸ்தவரும் ஒப்புக்கொள்வார். 1977இல் ஸ்டெயினிஸ்லாஸ் வழக்கில், மதத்தைப் பரப்பும் உரிமை இன்னொருவரை மதம் மாற்றும் உரிமையாகாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியும் வைத்திருக்கிறது. தவறு செய்த போதகர் இருந்தால் அவரை நீதிமன்றத்தில் நிறுத்துங்கள். ஆனால் மூன்று தலைமுறையாக ஏசுவைக் கும்பிடும் ஒரு குடும்பத்தின் சிறுமியைப் பள்ளியில் அரிசி மூட்டைக்கு மதம் மாறியவள் என்று கேலி செய்வதும், வீட்டுக்குள் பத்துப் பேர் உட்கார்ந்து ஜெபிப்பதை ஜன்னல் வழியே படம் பிடிப்பதும், வாடகைக்கு வீடு கேட்டுப் போனவரை அல்லேலூயா கோஷ்டியா என்று கேட்டுத் திருப்பி அனுப்புவதும் எந்தச் சட்டத்தைக் காப்பாற்றுகின்றன? தோள்சீலை அணியும் உரிமைக்காகத் தெற்குத் திருவிதாங்கூரில் போராடிய, கிறிஸ்தவத்துக்கு மாறியிருந்த நாடார் பெண்களுக்கு யாரும் அரிசி மூட்டை கொடுக்கவில்லை. பல பத்தாண்டுகள் அடியும் அவமானமும் பட்ட பிறகுதான் 1859இல் அரசாணை வந்தது. மானத்தோடு வாழ வேண்டும் என்று ஒரு மனிதன் வழி தேடுவதை, வயிற்றுக்கு விலைபோனான் என்று பேசுவது அவனுடைய பாட்டன் பாட்டியையும் சேர்த்து இழிவு செய்வது.

தமிழ்நாட்டில் இதெல்லாம் இல்லை என்று நாம் நிம்மதியாக இருந்துவிட முடியாது. 1982 மார்ச் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் மண்டைக்காட்டில் நடந்தது இன்னும் பலருக்கு நினைவிருக்கும். பகவதியம்மன் கோவில் மாசிக் கொடை. கேரளத்திலிருந்தெல்லாம் பெண்கள் திரளாக வந்து கடலில் குளித்துவிட்டு அம்மனைக் கும்பிடும் விழா. கோவிலுக்கும் கடலுக்கும் இடையில் கத்தோலிக்க மீனவர்களின் புதூர். குளிக்கப் போன பெண்களிடம் தவறாக நடந்தார்கள் என்று ஒரு தரப்பும், எங்கள் தெருவையும் தேவாலயத்தையும் இழிவு செய்தார்கள் என்று மறுதரப்பும் சொல்ல, மோதல் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் உயிரிழந்தார்கள். அடுத்த நாட்களில் கரையோரக் கிராமங்களுக்கும் உள்நாட்டுக் கிராமங்களுக்கும் தீ பரவியது. நீதிபதி வேணுகோபால் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஏறத்தாழச் சரிபாதியாக வாழும் மாவட்டம் அது. இரு பக்கமும் காயம், இரு பக்கமும் நியாயம், இரு பக்கமும் தவறு.

அப்போது குன்றக்குடி அடிகளார் அங்கே போனார். சைவ ஆதீனத்தின் தலைவர், காவி உடுத்தியவர், வாழ்நாள் முழுக்கத் திருமுறையும் திருக்குறளும் பேசியவர். அவர் இந்துக்களிடம் பேசியதோடு நிற்கவில்லை. மீனவர்களிடமும் போய்ப் பேசினார், இரு தரப்பையும் உட்கார வைத்தார். எல்லா மதத்தவரும் ஒன்றாகக் கூடிப் பேசும் திருவருட் பேரவையை வளர்த்தார். மடத்தில் இருந்தபடி அறிக்கை விட்டிருந்தால் அவரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் போனதன் அருமை, போன இடத்தில் பாதியளவு மனிதர்கள் அவர் சமயத்தாராக இருந்தார்கள் என்பதில் இருக்கிறது. கோபத்தில் இருந்த இந்துவிடம், பொறு என்று சொல்ல ஒரு பிஷப்பால் முடிந்திருக்காது. அடிகளாரால் முடிந்தது.

இதற்கு மறுகரையிலும் ஓர் உதாரணம் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. இலங்கையில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலும், நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் இஸ்லாமியத் தீவிரவாதிகள் குண்டு வெடிக்கச் செய்தார்கள். 250க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். சீயோனில் செத்தவர்களில் ஞாயிறு பள்ளி முடிந்து வந்த பிள்ளைகள் பலர். மே மாதம் நீர்கொழும்பில் முஸ்லிம்களின் வீடுகளையும் கடைகளையும் தாக்கத் தொடங்கியபோது, கர்தினால் மால்கம் ரஞ்சித் தம் மக்களிடம் முஸ்லிம்கள்மேல் கை வைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனிடம் போய்ப் பொறுமை பேச வேறு யாருக்கு உரிமை இருந்தது? அந்த உரிமை சொந்தப் பக்கத்து மனிதருக்கு மட்டும்தான் இருக்கிறது. அதனால்தான் அது கடமையாகவும் ஆகிறது.

பஸ்தரில் அப்படி ஒருவர் எழுந்து நிற்கவில்லை என்பதுதான் என்னை வருத்துகிறது. ஊர்ப் பூசாரியோ, பெரியவரோ, பஞ்சாயத்துத் தலைவரோ முன்னால் வந்து, செத்தவனோடு நமக்கு என்ன சண்டை, நாலு பேர் வந்து குழி தோண்டுங்கள் என்று சொல்லியிருந்தால், அந்தக் குடும்பம் உச்ச நீதிமன்றப் படி ஏற வேண்டிய தேவையே வந்திருக்காது.

இதே அளவுகோலைக் கிறிஸ்தவர்களும் தங்கள்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். இடுகாட்டில் இடம் கிடையாது என்று சொன்னவர்கள் பஸ்தர்க்காரர்கள் மட்டும்தானா? திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களையும் மற்றவர்களையும் பிரித்துச் சுவர் நின்றது. வடக்கன்குளத்தில் தேவாலயத்துக்குள்ளேயே சாதிக்கொரு பக்கம் பிரித்துக் கட்டியிருந்ததை உடைக்க ஒரு பாதிரியார் போராட வேண்டியிருந்தது. 2008 மார்ச்சில் எறையூரில், பொதுத் தெரு வழியே சவ ஊர்வலம் போக விடாததால் எங்களுக்குத் தனிப் பங்கு கொடுங்கள் என்று தலித் கத்தோலிக்கர்கள் கேட்டார்கள். அதையொட்டி மூண்ட மோதலில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் உயிர் போனது. ஒரே ஞானஸ்நானம், ஒரே அப்பம், செத்தால் மட்டும் வேறு வேறு வழி. தெரு மறுத்தவர்களும் ஜெபமாலை உருட்டுகிற பக்தர்கள்தான். ஆக, கிறிஸ்தவராகப் பிறந்த ஒரு தலித்துக்குப் பக்தர்களின் பகை இரண்டு திசையிலிருந்தும் வருகிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி அட்டவணைச் சாதிக்கான பாதுகாப்பும் அவருக்குக் கிடையாது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் திறந்த கதவு அவருக்கு இன்னும் மூடியே கிடக்கிறது. தன் கல்லறைத் தோட்டத்துச் சுவரை இடிக்காத திருச்சபை, சிந்த்வாடாவுக்காகக் குரல் கொடுக்கும்போது அந்தக் குரல் பாதி தூரம்கூடப் போய்ச் சேராது.

பேச்சு விஷயமும் இருக்கிறது. நற்செய்திக் கூட்டங்களில் ஒலிபெருக்கி வைத்து அடுத்தவர் கும்பிடும் தெய்வத்தைச் சாத்தான் என்றும் பேய் என்றும் சொல்கிற போதகர்கள் உண்டு. அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த தெருவில் ஒரு பாட்டி விளக்கேற்றுகிறாள். அவளுக்கு எப்படி இருக்கும்? தம் கடவுளைப் பற்றி ஒருவர் எவ்வளவு உருகிப் பேசினாலும் யாருக்கும் நட்டமில்லை. இன்னொருவர் வீட்டுப் பூசையறைக்குள் காறித் துப்புகிற பேச்சை நிறுத்தும்படி அந்தப் போதகரிடம் சொல்ல வேண்டியவர்கள் இந்து அமைப்பினர் அல்லர். அவர் சபைக்கு வந்து காணிக்கை போடுகிற விசுவாசிகள். அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த ஞாயிறே மாறும்.

எனவே செய்ய வேண்டியவற்றை யாராவது ஒருவர் தலையில் கட்டிவிட முடியாது. பெரிய விஷயங்களை விட்டுவிட்டு, நம் கைக்கு எட்டுகிற சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது ஊர்க் கணக்கு. கோவில் திருவிழாவுக்கான வரியையும் ஊர்ப் பொது வேலைக்கான வரியையும் தனித்தனிக் கணக்காக்கிவிட வேண்டும். கண்மாய் மராமத்து, மயானத்துக்குப் போகும் பாதை, தெருவிளக்கு ஆகியவற்றுக்கு எல்லாத் தலைக்கட்டும் பங்கு போடட்டும். கிறிஸ்தவக் குடும்பமும் முஸ்லிம் குடும்பமும் முதல் ஆளாகக் கொடுக்கட்டும். அப்படிக் கொடுத்துவிட்டால், நீ ஊருக்கு என்ன செய்தாய் என்ற கேள்விக்கு இடமிருக்காது. கோவில் வரியை விரும்பியவர்கள் கொடுக்கட்டும். சில ஊர்களில் கிறிஸ்தவர்கள் திருவிழா அன்னதானத்துக்கு அரிசி தருவதும், கிறிஸ்துமஸுக்கு இந்துக்கள் வந்து கேக் சாப்பிடுவதும் நடக்கிறது. அந்த அன்பு மனம் ஒப்பி நடக்கட்டும். கட்டாயமாக்கினால் அது கெட்டுப்போகும்.

அடுத்தது அதிகாரிகள். மதப் பூசல் வந்தால் தாலுகா அலுவலகத்தில் சமாதானக் கூட்டம் கூட்டுகிற வழக்கம் நல்ல வழக்கம்தான். ஆனால் அந்தக் கூட்டங்கள் எப்படி முடிகின்றன? பத்து வீட்டுக்காரரைப் பார்த்து, ஊரோடு ஒத்துப்போங்கள், வேறு இடம் பாருங்கள், இனி இங்கே ஜெபம் நடத்த மாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள் என்று கேட்பதில் முடிகின்றன. எதிர்ப்பவர்களிடம் எழுதி வாங்குவது அபூர்வம். எண்ணிக்கை குறைந்தவர் விட்டுக்கொடுப்பதால் கிடைக்கும் அமைதி சுலபமானது. அதிகாரிக்கு அன்று மாலையே வீடு திரும்ப முடிகிறது. ஆனால் எதிர்த்தால் சாதிக்கலாம் என்ற பாடத்தை அடுத்த ஊர் படித்துக்கொள்கிறது. சவ அடக்கத்துக்குக் கூடியவர்களை, அவர்கள் மனத்தைப் புண்படுத்தும் நோக்கத்தோடு தொந்தரவு செய்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 301ஆம் பிரிவுப்படி குற்றம். அந்தப் பிரிவை எந்தத் தரப்பு மீறினாலும் பயன்படுத்தும் துணிவு தாசில்தாருக்கும் ஆய்வாளருக்கும் வேண்டும். அதேபோல ஊராட்சிப் பகுதியில் வழிபாட்டுத் தலம் கட்ட ஆட்சியரின் முன் அனுமதி தேவை என்ற விதியைத் தமிழ்நாட்டில் எல்லா மதத்துக்கும் ஒரே அளவில் நடத்த வேண்டும். விண்ணப்பத்தை ஆண்டுக்கணக்கில் தூங்க விட்டுவிட்டு, அனுமதி இல்லாமல் ஏன் கூடினாய் என்று கேட்பது நேர்மையான நிர்வாகம் ஆகாது.

மூன்றாவதாக இடுகாடு. சத்தீஸ்கர் முழுவதும் கிறிஸ்தவர்களுக்கான இடுகாட்டு நிலத்தை இரண்டு மாதத்தில் அடையாளம் காண வேண்டும் என்று நீதிபதி நாகரத்னா எழுதினார். தனித்தனி இடுகாடு உடனடித் தேவையைத் தீர்க்கலாம், மறுக்கவில்லை. ஆனால் என் விருப்பம் வேறு. ஒரே மயானத்தில் எல்லோருக்கும் இடம் இருக்க வேண்டும். இந்துவுக்கு எரிமேடை, கிறிஸ்தவருக்குச் சிலுவை, யாருக்கும் சாதிச் சுவர் இல்லை என்று ஆக வேண்டும். தமிழ்நாட்டில் இடுகாடு, சுடுகாடு அமைத்துத் தருவது ஊராட்சியின் பொறுப்பு. 1999ஆம் ஆண்டு விதிகள் அதற்கென்றே இருக்கின்றன. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. குடிநீரும் நூறு நாள் வேலையும் பேசி முடித்த பிறகு, நம் ஊரில் யார் செத்தாலும் எங்கே அடக்கம் செய்வது என்ற ஒரு பொருளையும் எடுத்துப் பேசலாம். எந்தச் சாவும் வீட்டில் கிடக்காத, யார் மனத்திலும் கோபம் இல்லாத ஒரு சாதாரண நாளில் இதைப் பேசி முடிப்பது சுலபம். தீர்மானத்தை இந்துக்களில் ஒருவரே முன்மொழிய வேண்டும். கல்லறைத் தோட்டத்துச் சுவரைப் பற்றிய தீர்மானம் பங்குப் பேரவையில் வரும்போது, அதை முன்மொழிகிறவர் சுவரின் மேல்சாதிப் பக்கத்தில் இடம் வைத்திருக்கிற கிறிஸ்தவராக இருக்க வேண்டும்.